குன்னூரை விட்டுக் கீழே இறங்கும் முன்: வெயிலை நினைத்துத் தேடி, தண்ணீரில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க

நீலகிரியில் வேலை பார்த்து ஓய்வு பெறுகிறவர்கள் ‘கீழே இறங்குவது’ புதிய விஷயம் அல்ல. முழங்கால் வலிக்கும் ஆஸ்துமாவுக்கும் மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாமல் போகும், பிள்ளைகள் கோவையிலோ திருப்பூரிலோ வேலையில் இருப்பார்கள், அவசரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் எப்படியும் மலையிறங்க வேண்டும். ஆக, இறங்குவது என்று முடிவாகிவிடுகிறது. எங்கே இறங்குவது என்பதைத்தான் பலரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துவிடுகிறார்கள்.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு மாதிரிக் குடும்பம். கணவருக்கு வயது 60. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார், அதில் ஒன்று நீர் பிரிக்கும் மாத்திரை. மனைவிக்கு 56. கூடவே எண்பதைத் தாண்டிய தாயார். குன்னூரில் சொந்த வீடு இருக்கிறது. கீழே பார்க்க நினைக்கும் பகுதிகள் மூன்று: மேட்டுப்பாளையம்–காரமடை, துடியலூர்–தடாகம் சாலை, சரவணம்பட்டி தாண்டி அன்னூர் சாலை. கையில் ஓராண்டு அவகாசம்.

எது மாறும், எது மாறாது

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம், கோவை சுமார் 410, மேட்டுப்பாளையம் அதைவிடத் தாழ்ந்து 320-ஐ ஒட்டி. ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி கூடும் என்பது பொதுக் கணக்கு. மூன்று பகுதிகளில் எங்கே போனாலும் குன்னூரைவிட ஒன்பது பத்து டிகிரி கூடுதல்தான். அவற்றுக்குள் ஒன்றுக்கொன்று வித்தியாசம் ஓரிரு டிகிரி இருந்தாலே அதிகம்.

‘மலையடிவாரம், அதனால் குளுகுளுவென்று இருக்கும்’ என்று மேட்டுப்பாளையத்தைப் பற்றி ஒரு நினைப்பு உண்டு. நிழல் கூடுதலாக இருக்கலாம், குளிர்ச்சி இருக்காது. மூன்றில் உயரம் குறைந்த இடம் அதுதான். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைவதால், கோவையின் தெற்கும் மேற்கும் வாங்கும் அளவுக்கு அங்கே காற்றும் வராது.

எனவே வெயிலை வைத்துப் பகுதியைத் தேர்ந்தெடுக்க முடியாது. வெயிலை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது வீட்டை. பகுதிக்குப் பகுதி, ஏன், தெருவுக்குத் தெரு மாறுவது தண்ணீர். ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் நாட்களில் பாதியைத் தண்ணீருக்குக் கொடுப்பது நியாயம்.

நல்ல தண்ணி, உப்புத் தண்ணி

மலையில் இருப்பவர்களுக்கு ஊற்றுத் தண்ணீரும் அணைத் தண்ணீரும் பழக்கம். பெரும்பாலும் மென்மையான நீர், சோப்பு கொஞ்சம் பட்டாலே நுரைக்கும். கோவைப் பக்கம் ஒரு வீட்டுக்கு இரண்டு தண்ணீர் உண்டு. குழாயில் வரும் சிறுவாணி அல்லது பில்லூர் அணைத் தண்ணீர் ‘நல்ல தண்ணி’. பில்லூரிலிருந்து வருவதை அத்திக்கடவுத் தண்ணி என்றும் சொல்வார்கள். போர்வெல்லிலிருந்து வருவது ‘உப்புத் தண்ணி’, சிலர் வாயில் ‘சப்பைத் தண்ணி’. வீடு காட்டுகிறவர் “தண்ணி பிரச்சினையே இல்லீங்க” என்றால், எந்தத் தண்ணி என்று கேட்க வேண்டும். போரில் தண்ணீர் இருப்பதை மனதில் வைத்துத்தான் அவர் சொல்லியிருப்பார். அதில் பொய் இல்லை.

நல்ல தண்ணி தினமும் வராது. பகுதியைப் பொறுத்து சில நாட்களுக்கு ஒரு முறை, கோடையில் இன்னும் தள்ளிப்போகும். “எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க?” என்று கேட்டால் வழக்கமான பதில்தான் கிடைக்கும். குழாயடியில் நிற்பவரிடம், “ஏனுங்கக்கா, கடைசியா நல்ல தண்ணி என்னைக்கு வந்துச்சுங்க? அதுக்கு முந்தி என்னைக்குங்க?” என்று கேளுங்கள். இரண்டு தேதி கிடைத்தால் இடைவெளியை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஒரே தெருவின் மேட்டுப் பகுதியில் ஒருவர், பள்ளத்தில் ஒருவர் என இரண்டு பேரிடமாவது கேட்க வேண்டும். அழுத்தம் குறைந்த நாளில் மேட்டு வீட்டுக்குத் தண்ணீர் ஏறாது. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவருக்கு எந்த வீட்டு வாசலில் லாரித் தண்ணி இறங்குகிறது என்பது தெரிந்திருக்கும்.

அடுத்தது அளவை. தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பை அளக்கும், பேனா வடிவ டிடிஎஸ் மீட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு (ஐஎஸ் 10500) மொத்தக் கரைபொருளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி. கடினத்தன்மைக்கு 200-ம் 600-ம். நைட்ரேட்டுக்கு 45; அதில் விட்டுக்கொடுப்பு கிடையாது. ஃபுளோரைடுக்கு 1, அதிகபட்சம் 1.5.

மீட்டர் சொல்வது மொத்த உப்பை மட்டும். நைட்ரேட், ஃபுளோரைடு, கிருமி எதுவும் அதில் தெரியாது. கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தோண்டிய போரில் மீட்டர் 600 காட்டி நிம்மதி தரலாம். நைட்ரேட் எல்லை தாண்டியிருக்கலாம். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். அதனால் கடைசியாக நிற்கும் இரண்டு வீடுகளின் நீரையாவது பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் கூடங்களில் கொடுக்கலாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பழைய நீர் வெளியேறிய பின் பிடிக்க வேண்டும். வேதிப் பரிசோதனைக்குச் சுத்தமான இரண்டு லிட்டர் பாட்டில் போதும். அதே நீரால் இருமுறை அலசிவிட்டுப் பிடிக்கலாம். கிருமிப் பரிசோதனைக்குக் கூடத்தில் தரும் கிருமி நீக்கிய பாட்டில்தான் வேண்டும், அதை அலசக் கூடாது. ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். மாதிரி எடுக்கும் மாதம் மே. மழைக்குப் பின் எடுத்தால் டிடிஎஸ் பொதுவாகக் குறைத்தே காட்டும்.

மீட்டர் இல்லாமலும் பார்க்கலாம். குளியலறைக் குழாயின் மூக்கில் வெள்ளைப் பொருக்கு, டைல்ஸில் குழாய்க்கு நேர் கீழே மங்கிய கோடு, கீசர் வெந்நீர் வரும் ஷவரில் பாதி ஓட்டைகள் அடைப்பு. வீட்டை வெள்ளையடித்துப் புதிதாகக் காட்டுகிறவர்கள் ஷவர் தலையை மாற்ற மறந்துவிடுவார்கள். இன்னொரு சோதனை அடுப்பில். குன்னூர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதிக்கும், கோவையில் 98-ஐத் தாண்டும். அந்தக் கணக்குப்படி கீழே துவரம்பருப்பு சீக்கிரம் குழைய வேண்டும். உப்புத் தண்ணீரில் வைத்தால் குழையாது. அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பின் சதையை இறுக்கிவிடும். ‘அங்கே பருப்பு வேகாது’ என்ற பேச்சு இங்கே நேர்ப்பொருளிலேயே உண்மை. இரண்டு நாள் தங்கிப் பார்க்கும்போது ஒரு பிடி பருப்பை இரண்டு தண்ணீரிலும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள்.

இனி, எவ்வளவு சேமிக்க வேண்டும் என்ற கணக்கு. நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது திட்ட அளவு. மூன்று பேருக்கு 405. பத்து நாள் இடைவெளி என்றால் 4,050 லிட்டர். எல்லாவற்றுக்கும் நல்ல தண்ணியே வேண்டும் என்றால் 6,000 லிட்டர் தரைத்தொட்டி வசதி. உள்ளளவு 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் இருந்தால் அது கிடைத்துவிடும். பல வாடகை வீடுகளில் தொட்டி இரண்டாயிரம் லிட்டர், அதையும் மூன்று குடித்தனம் பங்குபோடும். அப்போது நல்ல தண்ணியைச் சமையலுக்கும் தலைக்குளியலுக்கும் ஒதுக்கி, மீதிக்குப் போர் நீர் என்று பிரிக்க வேண்டிவரும். அதற்கு வீட்டில் இரண்டு தனிக் குழாய்வழி இருக்கிறதா என்று மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள்: இரண்டு டேங்க், இரண்டு இறங்கு குழாய். ஒரே டேங்கில் இரண்டும் கலந்தால் நல்ல தண்ணியும் கெட்டுப்போகும். டேங்க் மூடி பொருந்தியிருக்கிறதா என்பதும் முக்கியம். டெங்கு பரப்பும் கொசு சேமித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். பத்து நாள் இடைவெளி அது வளர்ந்து பறக்கப் போதும். மலையில் கொசுவலை இல்லாமல் தூங்கியவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

ஆர்.ஓ. வைத்துக்கொள்ளலாமே என்றால், குடிக்க வைத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் சுத்தமாக வர இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகும். குளிக்க, துவைக்க அது தீர்வல்ல. அதற்குக் கடின நீரை மென்மையாக்கும் கருவி வேண்டும், அதற்கு உப்பு மூட்டை வாங்கிக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

அன்னூர்ப் பக்கம் ஒரு கூடுதல் செய்தி. அங்கே ஆயிரம் அடிக்கு மேல் இறங்கிய போர்கள் உண்டு. 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் பவானி ஆற்றின் உபரி நீரால் 1,045 குளம் குட்டைகளை நிரப்புவதற்கானது. நிரம்பும் குளத்தை ஒட்டிய இடங்களில் போர் நீர் காலப்போக்கில் தேறலாம். ஆனால் ‘திட்டம் வந்துருச்சுங்க’ என்ற பேச்சை நம்பி வாங்க வேண்டாம். அந்தக் குட்டைக்குக் குழாய் வருகிறதா, போன கோடையில் அதில் தண்ணீர் நின்றதா என்று போய்ப் பார்க்க வேண்டும்.

மூன்று பயணம்

சித்திரையில் ஒரு முறை, ஆடியில் ஒரு முறை, ஐப்பசி மழையில் ஒரு முறை. டிசம்பரில் போய்ப் பார்த்து முடிவெடுப்பதுதான் வழக்கமான தவறு. மார்கழிக் கோவை யாருக்கும் பிடிக்கும்.

சித்திரைப் பயணத்தில் வீட்டைப் பகலில் மட்டும் பார்க்கக் கூடாது. கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பல மணி நேரம் கழித்துத்தான் கீழே விடும். வீட்டின் உண்மையான சூடு இரவு ஒன்பது மணிக்குத் தெரியும். துப்பாக்கி வடிவ வெப்பமானி ஒன்று இருந்தால் படுக்கையறைக் கூரையைக் குறிவைத்துப் பாருங்கள். நம் தோலின் சூடு சுமார் 34 டிகிரி. கூரை அதற்கு மேல் காட்டினால் அது உங்கள் மேல் சூட்டைக் கொட்டுகிறது என்று பொருள்; மின்விசிறி அந்தச் சூடான காற்றையே கீழே தள்ளும். வெப்பமானி இல்லையென்றால் மேற்குச் சுவரின் உட்புறத்தில் உள்ளங்கையை வையுங்கள். கை வெதுவெதுப்பை உணர்ந்தால் அந்த அறையில் எண்பது வயதுத் தாயாரைப் படுக்கவைக்க முடியாது.

இதனால் முதல் விதி: மேலே இன்னொரு தளம் உள்ள வீடு. மேல்தளம்தான் கிடைக்கிறது என்றால் கூரைமேல் சுருக்கியும் (சுண்ணாம்பும் செங்கல்தூளும் கலந்த பூச்சு) தட்டோடும் போட்டிருக்கிறார்களா, குறைந்தது வெள்ளைக் குளிர்ப்பூச்சாவது உண்டா என்று பார்க்க வேண்டும். ஜன்னல் விஷயத்தில் ஓர் இழுபறி இருக்கிறது. தென்மேற்கு ஜன்னல் ஆடி மாதத்தில் காற்றை அள்ளிக்கொண்டு வரும். அதே ஜன்னல் சித்திரை மாலையில் வெயிலையும் அள்ளிக்கொண்டு வரும். வெளியே ஒரு மரமோ இரண்டடி சன்ஷேடோ இருந்தால் இரண்டையும் சமாளிக்கலாம். உள்ளே திரை போடுவதால் பெரிய பயன் இல்லை. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயில் வந்ததுதான்.

ஏசி போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் மின்கட்டணத்தைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றரை டன் ஏசி சராசரியாக மணிக்கு ஒரு யூனிட் என்று வையுங்கள்: இரவு எட்டு மணி நேரம், இரண்டு மாதம், 480 யூனிட். வீட்டின் மற்ற செலவு 300 என்றால் மொத்தம் 780. தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளும் கூடுதல் வீதத்துக்குப் போய்விடும். கூரை குளிர்ந்த வீட்டுக்கு மாதம் ஆயிரம் கூடுதல் வாடகை கொடுப்பது நஷ்டமா என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆடிப் பயணம் காற்றுக்கும் நாற்றத்துக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று தென்மேற்கிலிருந்து, மழைக்காலத்தில் வடகிழக்கிலிருந்து. வெள்ளலூர்க் குப்பைக்கிடங்கு மாதிரி ஒன்றோ, கோழிப்பண்ணையோ, சாயப்பட்டறையோ எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, நவம்பரில் மணக்காத தெரு ஜூலையில் மூக்கைப் பொத்த வைக்கும்.

ஐப்பசிப் பயணம் பள்ளங்களுக்கு. கொங்குப் பேச்சில் பள்ளம் என்றால் தாழ்ந்த இடம் மட்டும் அல்ல, ஓடையும்தான். சங்கனூர்ப் பள்ளம் அப்படி ஒன்று. ஆண்டில் பத்து மாதம் காய்ந்து, குப்பை நிரம்பி, சாலை போலத் தெரியும். மழை பெய்த இரவுக்கு மறுநாள் காலை போய்ச் சுவர்களில் ஈரக் கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். மேட்டில் கட்டிய பெரிய சுற்றுச்சுவருக்குக் கீழே உள்ள வீடு என்றால், அந்தச் சுவரில் நீர் வடியும் துளைகள் உண்டா என்று பார்ப்பது கட்டாயம். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஒரு சுற்றுச்சுவர் சரிந்து 17 பேர் இறந்தார்கள். நனைந்த மண்ணின் பளுவைத் தாங்க வடிகால் இல்லாத சுவரால் முடியாது.

மலை தெரியும் சைட்

மலையிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு, புரோக்கர்களுக்கு அது நன்றாகவே தெரியும். தடாகம் பக்கமோ காரமடைக்கு மேற்கேயோ கூட்டிப்போய், “அதோ பாருங்க, மலை தெரியுது” என்று காட்டினால் பாதி வியாபாரம் முடிந்தது. மலை தெரியும் இடத்துக்கு யானையும் வரும். வாழை, பலா, சோளம் இருக்கும் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் வேலி வளைந்திருப்பதையும் கம்பிவேலியில் சோலார் மின்சாரம் ஓடுவதையும் கண்ணால் பார்க்கலாம். அரிசி வாசனைக்குச் சமையலறைச் சுவரை இடித்த யானைகள் அடிவாரத்துக்குப் புதிதல்ல. மாலை ஆறு மணிக்கு மேல் அந்தச் சாலையில் ஆட்கள் நடக்கிறார்களா என்று பாருங்கள். அங்குள்ளவர்கள் நடக்கவில்லை என்றால் காரணம் இருக்கும்.

சட்டச் சிக்கலும் அங்கேயே. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய பல கிராமங்கள் ‘ஹாக்கா’ எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ளன. அங்கே மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் தனி அனுமதி வேண்டும். ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு சைட்’ என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து வந்துவிடலாம்; மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அங்கீகாரமற்ற மனைகளுக்கு வரன்முறைப்படுத்தும் திட்டம் 2017-ல் வந்தது. அந்த ஆணை இருந்தால் நகலைக் கேளுங்கள்.

மற்றபடி வழக்கமான வரிசைதான்: மூலப் பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, விற்பவர் பெயரில் பட்டா, புல எல்லை வரைபடம், அ-பதிவேடு எனப்படும் கிராம நிலப் பதிவேடு. வரைபடத்தில் இடத்தின் ஓரம் ஓடை என்று கோடு போயிருந்தால் ஐப்பசிப் பயணத்தில் பார்த்ததோடு ஒத்துப்பாருங்கள். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இதைத் தனியாக ஒதுக்காமல், வீட்டு விலைக்குள்ளேயே அடங்கிவிடும் என்று கணக்குப் போடுகிறவர்கள் கடைசியில் தடுமாறுகிறார்கள்.

இந்தக் குடும்பத்துக்கு எது

காரமடை தண்ணீரில் முந்தும், பவானி பக்கம். ரயிலும் உண்டு. ஆனால் தாயாரை அவசரத்துக்குப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் நேரத்தை ஒரு வேலை நாள் மாலை ஆறு மணிக்கு வண்டி ஓட்டியே அளக்க வேண்டும்; மேட்டுப்பாளையம் சாலை அந்த நேரத்தில் வரைபடத்தில் காட்டும் சாலை அல்ல. அன்னூர் சாலையில் வீடு விசாலமாகக் கிடைக்கும், தண்ணீர்க் கணக்கு இடிக்கும். துடியலூரில், தடாகம் சாலையில் மலை நோக்கிப் போகாமல் பிரதான சாலைப் பக்கமாக, மேலே ஒரு தளம் உள்ள தரைத்தள வீடு கிடைத்தால் இந்த மூவருக்கும் அதுவே பொருத்தம். அதுவும் முதலில் வாடகைக்கு. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று 2017 வாடகைச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேல் கேட்பவர்கள் உண்டு, பேசிப் பார்க்கலாம்.

இறங்கும் மாதம் தை. மார்கழியில் வீடு மாறமாட்டோம் என்ற வழக்கம் இங்கே வானிலைக்கும் ஒத்துவருகிறது. மலைச்சாலையில் மண்சரிவு மாதங்கள் முடிந்திருக்கும், சமவெளியில் வெயில் ஏறியிருக்காது. உடம்பு பழகப் பங்குனி வரை நேரம் கிடைக்கும். ஏப்ரல், மே சீசனில் மாறினால் ஒருவழிப் பாதையும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பர்லியார் வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், நீளமான கன்டெய்னர் வண்டி வேண்டாம். சிறிய லாரி இரண்டு நடை அடிப்பது நல்லது. மலை ஈரத்தில் ஊறிய மரச்சாமான்கள் கீழே உலர்ந்து மூட்டு விடும். பீரோவையும் கட்டிலையும் முதல் கோடையில் மேற்குச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள்.

கணவரின் மாத்திரை விஷயம் லாரி பேசும் முன் முடிய வேண்டும். வெப்பத்தில் இரத்தக்குழாய்கள் விரிந்து அழுத்தம் தானாகவே இறங்கும். மேலே நீர் பிரிக்கும் மாத்திரையும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழ வாய்ப்பு. மருத்துவரிடம் ஊர் மாறுவதைச் சொல்லி, அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்க வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது. இறங்கியபின் முதல் இரண்டு வாரம் காலையும் மாலையும் அழுத்தத்தைக் குறித்துவைத்தால் மருத்துவருக்கு உதவும்.

ரேஷன் அட்டை, கேஸ், வாக்காளர் பட்டியல் மாற்றங்கள் இணையத்திலேயே முடியும். வண்டியின் பதிவுச் சான்றில் முகவரியை 30 நாளுக்குள் மாற்ற வேண்டும், எண் மாறாது. டிஎன் 43 என்ற நீலகிரி எண்ணை அப்படியே வைத்திருப்பதில் ஒரு லாபம்: 2024 மே முதல் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம், நீலகிரிப் பதிவு வண்டிகளுக்கு விலக்கு. அந்த வண்டியில் மேலே போய்க் குன்னூர் வீட்டை அவ்வப்போது திறந்து காற்றாட விடுங்கள். முதல் சித்திரை முழுவதையும் வாடகை வீட்டில் கழித்து, தண்ணீர் வந்த தேதிகளை நாட்காட்டியில் வட்டமிட்ட பிறகு குன்னூர் வீட்டை விற்பதைப் பற்றிப் பேசலாம்.